இரும்புக்கையும் இசக்கியும்

எங்கள் வீட்டுக்கு ஒரு காமிக்ஸ் வந்தால் முதலில் படிக்கிற உரிமை அண்ணனுக்கு. பெரியப்பா மகன். திண்ணையில் மல்லாந்து படுத்து, புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் படிப்பான். நான் தலைமாட்டில் குந்தியிருந்து எட்டிப் பார்ப்பேன். நியூஸ் பிரிண்ட் தாள். வெயில் பட்டால் பின்பக்கத்துப் படம் முன்பக்கம் வந்து நிற்கும். துப்பறிகிறவர் யாருமில்லாத அறைக்குள் டார்ச் அடித்துக்கொண்டு நுழைவார். சுவரில் சாம்பல் நிறத்தில் ஒரு முகம், இடம் வலம் மாறி, அவரையே பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்தைத் திருப்பினால் அது வேறு யாரோ ஒரு இன்ஸ்பெக்டரின் முகம். இது தெரிந்த பிறகும் பயம் குறையவில்லை. திருப்புவதற்கு முன்னால் அது பேய்தானே.

ஊர் கோவில்பட்டி. அந்தப் புத்தகங்கள் அச்சாகி வந்த சிவகாசி பக்கத்தில்தான். முத்து காமிக்ஸ் 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது, லயன் 1984-இல் வந்தது. ஆனால் புதுப் புத்தகம் எங்கள் கைக்கு வந்தது அபூர்வம். பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்கு எடுத்து, படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் அதிலும் பாதி கிடைக்கும்.

மாயாவி லண்டனில் 'வேலியண்ட்' என்ற வார இதழில் 1962-இல் பிறந்தவர் என்பதும், படம் போட்ட பிளாஸ்கோ ஸ்பெயின்காரர் என்பதும் பின்னாளில் தெரிந்துகொண்டவை. எங்களுக்கு அவர் நல்லவர், நிழல்படை என்ற அமைப்பின் உளவாளி. மூலத்தில் அந்த ஆள் முதலில் குற்றவாளி. ஆய்வுக்கூட விபத்தில் கை போய், இரும்புக்கை பொருத்தி, மின்சாரம் பாய்ந்து உடம்பு மறைந்ததும் அவர் இறங்கியது கெட்ட வழியில்தான். படத்தை மட்டும் பார்த்தால் இது ஆச்சரியமே இல்லை. இருட்டுக் கட்டடம், காவலாளியின் முதுகு, அவன் தலைக்கு மேலே அந்தரத்தில் ஓர் உலோகக் கை. நல்லவர் என்று கட்டத்துக்கு மேலே எழுதியிருக்கிறார்களே என்று நம்பவேண்டியிருந்தது.

இன்னொரு காமிக்ஸ் நாயகனான ஸ்பைடர் இன்னும் ஒரு படி மேலே. கூர்க்காது, நெற்றிக்கு ஏறிய புருவம்; ஆளைப் பார்த்தால் பிசாசு, தொழிலைப் பார்த்தால் கொள்ளைக்காரன். அந்தக் கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். வானத்து உத்தமனைப் படைத்த அதே கை இந்தக் கூர்மண்டையனையும் வளர்த்துவிட்டது என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். ரெக் பன் போட்ட கோடுகள் மயிரிழை மயிரிழையாக இருக்கும். நம் அச்சில் மை அப்பி அவை ஒன்றோடொன்று கலந்து பாதி உருவம் இருட்டுக்குள் போய்விடும். அந்தப் பாதியை நாங்கள் இட்டு நிரப்பினோம்.

வாடகைப் புத்தகக் கடையில் துப்பறிதலும் பேயும் கலப்பதற்கு இடமே கிடையாது. ஒரு தட்டில் தமிழ்வாணனின் சங்கர்லால், தேநீர் குடித்துக்கொண்டே கொலைகாரனைப் பிடிப்பார். இன்னொரு தட்டில் பி.டி.சாமியின் பேய்க்கதைகள். சங்கர்லால் இருக்கிற ஊருக்குப் பேய் வராது, சாமியின் ஊருக்கு போலீஸ் போகாது. இரண்டு தட்டுக்கும் நடுவே எனக்கு ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது. 1986-இல் 'திகில்' என்று ஒரு காமிக்ஸே வந்தது. பெயரைப் பார்த்ததும் பெரியம்மா பிடுங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள், நாங்கள் அங்கேயே உட்கார்ந்து படித்தோம்.

அப்புறம் ரிப்போர்ட்டர் ஜானி. புள்ளி போட்ட கோட்டு, வேகமான கார். அது மஞ்சள் கார் என்பது கறுப்பு வெள்ளையில் படித்த எங்களுக்கு வெகுகாலம் தெரியாது. ரத்தக்காட்டேரி, சாபம், செத்தவன் நடமாட்டம் என்று ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். ஜானி போய் விசாரிப்பார். எழுதிய டுஷாத்தோ துப்பறியும் நாவல்காரர். ஆகவே கடைசியில் அநேகமாக முகமூடியைக் கழற்றினால் ஒரு பேராசைக்காரன் நிற்பான். அண்ணனுக்கு அந்த இடம்தான் உயிர். எனக்கு அந்த இடத்தில்தான் சப்பென்று ஆகிவிடும்.

என்னைக் காப்பாற்றியது கம்பி. நடுவில் கம்பி அடித்த புத்தகத்தில் முதலில் கழன்று போவது வெளித்தாள், அடுத்து அதற்கு உள்தாள். முன்னால் ஒரு தாள் போனால் பின்னாலும் அதே தாள் போகும். பழைய புத்தகக் கடைப் பிரதிகளில் பிணம் எப்படி விழுந்தது என்பதும் இருக்காது, பேய் யார் என்பதும் இருக்காது. நடுவில் விசாரணை மட்டும் முழுசாக இருக்கும். அண்ணன் தலையில் அடித்துக்கொள்வான். நான் அந்தப் பிரதிகளைத் தேடித் தேடி எடுத்தேன்.

எனக்கு ஏன் அப்படி என்பதற்கு ஆச்சிதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. அவள் சொன்ன பழையனூர் நீலி கதை முழுக்க ஒரு கொலை வழக்கு. புருஷனே காட்டில் வைத்துக் கொல்கிறான். கொலையுண்டவள் பேயாகி, கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, எழுபது வேளாளர் கூடிய சபையில் வந்து வழக்குச் சொல்கிறாள். பிள்ளை அவனை அப்பா என்கிறது. "இவளோடு போ, உன் உயிருக்கு நாங்கள் பிணை" என்கிறார்கள் பெரியவர்கள். விடிந்தால் அவன் பிணம். வாக்குத் தவறாமல் எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். சாட்சி உண்டு, தீர்ப்பு உண்டு, தப்பான தீர்ப்பு. தெற்கே இதே நீலிதான் இசக்கியாகிப் பீடத்தில் நிற்கிறாள். கொடை நாட்களில் வில்லுப்பாட்டுக்காரர் அடுக்கிச் சொல்கிற சாமிகளில் பலர் கொலையுண்டவர்கள். மாட்டுத் திருடர்களோடு மோதிச் செத்த முத்துப்பட்டன் உட்பட. எங்கள் பக்கம் கொலையுண்டவர் ஒரு துப்பாக மட்டும் தரையில் கிடந்துவிட்டுப் போகமாட்டார், எழுந்து வந்து கணக்குக் கேட்பார். சங்கர்லாலிடம் எனக்குக் குறைந்தது அந்தக் கேட்கிற ஆள்தான்.

வளர்ந்த பிறகு டைலன் டாக் கிடைத்தான். டிசியானோ ஸ்கிளாவி 1986-இல் இத்தாலியில் படைத்தவன், ஆனால் வாசம் லண்டனில். ஸ்காட்லாந்து யார்டை விட்டு வந்து அமானுஷ்ய வழக்குகளை மட்டும் எடுத்துக்கொள்கிறவன். வீட்டு அழைப்பு மணியை அழுத்தினால் மணி அடிக்காது, அலறும். உம்பர்ட்டோ எக்கோவே இவனுக்கு வாசகராக இருந்தார். வந்தவர் சொல்வதை உடனே நம்பிவிடமாட்டான், மனித வேலையா என்று பார்ப்பான். ஆனால் பேய் நிஜமாகவே இருந்தால், ஒரு முகமூடியைக் கொண்டுவந்து அதை இல்லையென்று ஆக்கவும் மாட்டான். பல கதைகளில் அந்தப் பேயைவிட அதை உண்டாக்கிய மனிதர்கள் அருவருப்பாக இருப்பார்கள்.

2012-இல் தொடங்கிய 'ஃபேட்டல்' காமிக்ஸ் வேறு வகை. ஆணைக் கெடுக்கிற அழகி துப்பறியும் கதையில் பழைய சரக்கு. எட் ப்ரூபேக்கர் அதை அப்படியே சாபமாக்கிவிட்டார். ஜோசஃபைனுக்கு மூப்பில்லை, பார்க்கிற ஆண்கள் குடும்பத்தை விட்டு, புத்தியை விட்டுப் பின்னால் வருவார்கள், பின்னாலேயே ஒரு கொலைகாரக் கூட்டமும் வரும். அவள் கேட்டு வாங்கிய வரமில்லை அது. ஷான் ஃபிலிப்ஸ் அவள் முகத்தில் பாதியை நிழலில் வைத்தே வரைகிறார். படிக்கிறபோது எனக்கு இசக்கி நினைவு வராமல் இருந்ததில்லை.

அண்ணன் இப்போது ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறான், இன்னமும் ஜானி கட்சி. போன பொங்கலுக்கு வந்தபோது டைலன் டாக்கைக் கொடுத்தேன். படித்துவிட்டு நீட்டினான்.

"ஆளப் பிடிக்காமலே கதைய முடிச்சா அது என்னல கதை? ரசீது இல்லாத செலவு மாதிரி."

"நீலி கதைல ஆளு அகப்படத்தானண்ணே செஞ்சான்?"

"சரி, அகப்பட்டான். கூட எழுபது பேரு போனாகளே, அந்தக் கணக்க எதுல எழுத?" என்றான்.