பூஜ்யம் எங்கே இருக்கிறது

1969 கமாரோ. உள்ளே 350 கன அங்குல ஷெவர்லே வி-8. பிளக், பாயிண்ட், கண்டென்சர் எல்லாம் புதிது. டைமிங் லைட் அடித்துப் பார்த்தால், 3,000 சுற்றில் பேலன்சரின் கோடு 36 டிகிரியில் அசையாமல் நிற்கிறது. இந்த என்ஜினுக்கு அதுதான் கணக்கு. ஆனாலும் வண்டியில் இழுவை இல்லை. மேடேறினால் திணறுகிறது, சூடு காட்டும் முள் இறங்க மறுக்கிறது. ஒரு வாரம் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

பேலன்சர் இரண்டு துண்டு. நடுப்பகுதி கிராங்க்கோடு இறுகியிருக்கும். வெளிவளையத்தைப் பிடித்திருப்பது ஒரு ரப்பர் பட்டை. ஐம்பது வருஷத்தில் ரப்பர் காய்ந்து வளையம் நழுவும். கோடு இருப்பதோ அந்த வளையத்தில்.

பேட்டரி வயரை எடுத்துவிட்டு, பிளக்குகளைக் கழற்றி, ஒன்றாம் சிலிண்டரின் துளையில் பிஸ்டனைத் தடுக்கும் போல்ட்டை முறுக்கினேன். கிராங்க்கைக் கையால் மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் முட்டும். என்ஜினில் இருக்கும் டைமிங் அளவின் பூஜ்யத்துக்கு நேரே வளையத்தில் சாக்பீஸால் ஒரு கீறல். எதிர்ப்பக்கம் திருப்பி, முட்டிய இடத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நட்டநடுவில்தான் பிஸ்டனின் உண்மையான உச்சி. பழைய கோடு அதைவிட்டு அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகப் பின்தங்கியிருந்தது. டிகிரிக் கணக்கில் 8. லைட் 36 காட்டியபோதெல்லாம் பொறி விழுந்தது 28-இல்.

8 டிகிரி சின்ன விஷயமில்லை. பெட்ரோல் கலவை எரிய நேரம் வேண்டும். 3,000 சுற்றில் கிராங்க் ஒரு மில்லி விநாடிக்குள் 18 டிகிரி திரும்பிவிடுகிறது. பொறி பிந்தினால் பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூடு எக்ஸாஸ்ட் வழியே வீணாகப் போகும்.

உண்மையான உச்சியில் வெள்ளைப் பெயிண்ட்டால் புதுக்கோடு போட்டேன். வேக்கம் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்தேன். டிஸ்டிரிபியூட்டர் போல்ட்டை, கைக்கு இறுக்கம் தெரிகிற அளவுக்கே தளர்த்த வேண்டும். இதில் ரோட்டர் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. உடலை இடஞ்சுழியாகத் திருப்பினால் டைமிங் முன்னேறும். டிஸ்டிரிபியூட்டர் கிராங்க்கின் பாதி வேகத்தில் ஓடுவதால், 8 டிகிரிக்கு 4 டிகிரி திருப்பினால் போதும். கண்ணுக்குத் திருப்பியதே தெரியாது, ஆனால் சத்தம் உடனே மாறிவிடும்.

ஐடிலில் டைமிங் வைத்துவிட்டு மேல்வேகத்தை விதிப்படி விடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. டைமிங் மிஞ்சிப்போய் நாக்கிங் அடித்தால் பிஸ்டன் உடைவது மேல்வேகத்தில்தான். அதனால் டிஸ்டிரிபியூட்டருக்குள் வேகத்தோடு விரியும் எடைகள் முழுதும் விரிந்த பிறகு 36 வைப்பேன்; ஐடிலில் வருவது வரட்டும். அன்று 14 வந்தது. போல்ட்டை இறுக்கும்போது உடல் நகரும் என்பதால் மறுபடி லைட் அடித்துப் பார்த்தேன்.

வேக்கம் குழாயை மாட்டிக்கொண்டு அதே மேட்டுக்குப் போனேன். ஜன்னலை இறக்கி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, தகர டப்பாவில் கல் குலுக்குவது போன்ற அந்தச் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை. முள்ளும் ஏறவில்லை.