வாய் திறந்த பிள்ளை

கடம்பத்தூரில் ஒரு பிள்ளை வெளிநாடு போகிறது என்றால் ஊர் கேட்கிற முதல் கேள்வி, "சம்பளம் எவ்வளவு?" துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களைப் பார்த்துப் பழகிய ஊர். ஒரு செமஸ்டர் மட்டும் படித்துவிட்டுத் திரும்பி வருவாள், அதற்கென்று தனிப் பட்டமும் கிடையாது என்றால் யாருக்கும் பிடிபடுவதில்லை. "அப்புறம் எதுக்கு அவ்ளோ செலவு?" என்பார்கள். எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஜெர்மனி போய் வந்ததிலிருந்து இதற்குப் பதில் சொல்லும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. ரிட்டயர் ஆனவனிடம்தானே எல்லோரும் நின்று பேசுகிறார்கள்.

செலவு உண்மைதான். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் படிப்புக்கென்று கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் சாப்பிட, தங்க வழி இருக்கிறது என்று காட்டினால்தான் விசா. 2024 செப்டம்பரிலிருந்து மாதத்துக்கு 992 யூரோ கணக்கு. நம் பணத்தில் லட்சத்தைத் தொடும். இவளுக்கு உதவித்தொகை கிடைத்ததால் அது தப்பியது. விமான டிக்கெட்டுக்கு மட்டும் அவள் அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது.

போன புதிதில் அவள் போனில் சொன்னதெல்லாம் ஊர் வேடிக்கைதான். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சனிக்கிழமையே அரிசி வாங்கி வைக்காவிட்டால் ரொட்டிதான். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் போடக் கூடாது. ஸ்டேஷனில் கேட் இல்லை, யாரும் டிக்கெட் கேட்பதில்லை, ஆனால் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ. டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டு. இவை ஒரு மாதத்தில் பழகிவிடும். யூடியூபில் பார்த்தேகூடத் தெரிந்துகொள்ளலாம். இதற்காக ஒரு பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப வேண்டியதில்லை.

நான் அவளை உட்காரவைத்து விவரமாகக் கேட்டது அவளுடைய வாய்மொழித் தேர்வைப் பற்றித்தான். நம் காலேஜ் வைவா மாதிரி, ரெக்கார்டு நோட்டைப் புரட்டிவிட்டு இரண்டு கேள்வி கேட்டு அனுப்புகிற சமாசாரம் இல்லை. அரைமணி நேரம். ஒரு பேராசிரியர், குறிப்பெடுக்க ஒருவர், இவள்.

பாடம் வெப்பப் பரிமாற்றம். பைக் எஞ்சினைச் சுற்றி வரிவரியாகத் தகடு நீட்டிக்கொண்டிருக்கிறதே, ஃபின், அது எதற்கு என்று கேட்டிருக்கிறார். காற்று படுகிற பரப்பு கூடும், சூடு சீக்கிரம் வெளியேறும் என்று மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறாள். "அப்படியானால் அரை மீட்டர் நீளத்துக்கு வைத்தால் இன்னும் நல்லதுதானே, ஏன் யாரும் வைப்பதில்லை?" என்றாராம். புத்தகத்தில் இப்படி ஒரு கேள்வியைப் பார்த்த ஞாபகமே அவளுக்கு இல்லை.

"இங்க இருந்தா தலையைக் குனிஞ்சிட்டு நின்னிருப்பேன் தாத்தா. சாரே பாவம் பார்த்து அடுத்த கேள்விக்குப் போயிடுவாரு. அங்க அவர் பாட்டுக்குக் காத்திருக்காரு. வேற வழியில்லாம, தெரியலை, யோசிச்சு சொல்லட்டுமான்னு கேட்டுட்டேன்."

அவர் ஒரு பென்சிலையும் தாளையும் நகர்த்தி வைத்திருக்கிறார். எஞ்சினை ஒட்டிய இடத்தில் தகடு சுடும், நுனிக்குப் போகப் போகச் சூடு குறையும் என்று கோடு போட்டுக்கொண்டே வந்தவளுக்குப் பாதியில் பிடி கிடைத்துவிட்டது. ஓரளவுக்கு மேல் நீண்டால் நுனியும் காற்றும் ஒரே சூட்டில் இருக்கும். மிச்சத் தகடு சும்மா கனம்தான். சத்தமாக யோசித்ததற்கு மார்க் விழுந்தது: 1.7. போனில் இதைக் கேட்ட அவள் அப்பா, "பத்துக்கா?" என்று கேட்டுக் கலங்கிப் போனார். அங்கே 1.0தான் உச்சம், 4.0க்கு மேல் போனால் ஃபெயில் என்று விளக்கி அவரைத் தேற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"தெரியலை, யோசிச்சு சொல்றேன்" என்று பெரியவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல நம் வீடுகளில் எந்தப் பிள்ளையைப் பழக்கியிருக்கிறோம்? எதிர்த்துப் பேசாத பிள்ளை நல்ல பிள்ளை. கல்யாணப் பேச்சில்கூட அதைத்தான் முதலில் சொல்வோம். அதற்கான விலையை நான் காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த காலத்தில் கண்டிருக்கிறேன். ஒரு பட்டறையில் டிராயிங்கில் ஒரு துளை அளவு, கூட வந்த சாம்பிளில் வேறு அளவு. ஐ.டி.ஐ. முடித்து வந்த பையன் முதல் நாளே அதைக் கவனித்துவிட்டான். வாயைத் திறக்கவில்லை. லாட் முழுக்க ஸ்கிராப்புக்குப் போன பிறகு கேட்டால், "சூப்பர்வைசர் சார்கிட்ட எப்படி சார் சொல்றது?" என்றான். திட்டு வாங்கியவன் அவன். சொல்ல முடியாதபடி பட்டறையை வைத்திருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

ஜெர்மனிக்கும் நமக்கும் இப்படிப் படிப்புக்காகப் போய்வரும் போக்குவரத்து புதிதல்ல. சென்னை ஐ.ஐ.டி.யே 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு வந்ததுதான். அங்கிருந்து பேராசிரியர்கள் வந்தார்கள், எந்திரங்கள் வந்தன, இங்கிருந்து ஆசிரியர்கள் பயிற்சிக்குப் போனார்கள். ஐ.ஐ.டி. முதுநிலை மாணவர்கள் ஆய்வேட்டு வேலைக்கு ஜெர்மனி போய்வர, அந்நாட்டுக் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. பல வருடங்களாக உதவுகிறது. இப்போது கடம்பத்தூரில் லோக்கல் ஏறி காலேஜ் போகிற பிள்ளைக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதுதான் புதுசு.

ஐரோப்பாவில் இப்படி செமஸ்டர் மாறிப் படிக்கும் ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் பிடிவாதம் இருக்கிறது. சோஃபியா கொர்ராதி, இத்தாலிக்காரர். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுநிலை படித்துவிட்டு 1958-ல் ரோமுக்குத் திரும்பி, அந்தப் படிப்பைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். பல்கலைக்கழக அலுவலகத்தில் ஏளனம் செய்து அனுப்பிவிட்டார்கள். அவர் விடவில்லை. மனு, குறிப்பு, ஆலோசனை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 1987-ல் எராஸ்மஸ் திட்டம் பிறந்தது. முதல் வருடம் 11 நாடுகளில் 3,244 மாணவர்கள். 2015 முதல் இந்திய மாணவர்களும் அதே பெயரில் ஒரு செமஸ்டர் போய்வர முடிகிறது. ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட் என்று இன்று எல்லோரும் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள்.

சொல்வது சுலபம். அந்த கிரெடிட் இங்கே ஏறுவதுதான் பாடு. எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்று கிளம்புவதற்கு முன்பே எழுத்தில், கையெழுத்தோடு வாங்கிவிட வேண்டும். பெற்றோர் ஸ்வெட்டர் வாங்க அலைவதில் பாதியாவது இதற்கு அலையலாம். இவள் வாங்கி வைத்திருந்தாள். அப்படியும், திரும்பி வந்ததும் அவள் படிக்கும் கல்லூரியில் ஒரு பாடத்தைச் சேர்க்க முடியாது, சிலபஸ் பொருந்தவில்லை என்றிருக்கிறார்கள்.

அப்பா, "விட்டுடும்மா, ஒரு பேப்பர்தானே, எழுதித் தொலைச்சிடு" என்கிறார். அவள் இரண்டு சிலபஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பொருந்தும் இடத்தையெல்லாம் மஞ்சள் மார்க்கரில் கோடு போட்டு வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை எச்.ஓ.டி.யைப் பார்க்கப் போகிறாளாம். "என்ன பேசுவே?" என்று கேட்டேன். "எங்க பொருந்தலைன்னு காட்டுங்க சார்னு கேப்பேன் தாத்தா" என்றாள்.