ஜனவரி 12-ஆ, டிசம்பர் 1-ஆ?

பணிப்பதிவேட்டில் பிறந்த தேதியை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுவது அரசு அலுவலகங்களின் பழைய வழக்கம். அதன் அருமை இப்போதுதான் முழுசாகத் தெரிகிறது.

மத்திய அரசு விதிப்படி, 80 வயது முடிகிற மாதத்தின் முதல் தேதியிலிருந்து அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதல். எங்கள் ஓய்வூதிய நண்பர்களில் யாருக்கு எப்போது 80 என்று பட்டியல் போட, வில்லாபுரம் வீட்டில் பேரன் உட்கார்ந்தான். கையில் 'பாண்டாஸ்'. வெஸ் மெக்கின்னி 2008-ல் எழுதத் தொடங்கிய பைத்தான் நூலகம்.

12/01/1947 என்று கொடுத்தால், அமெரிக்க வழக்கப்படி டிசம்பர் 1 என்று எடுத்துக்கொள்கிறது. ஜனவரியில் பிறந்தவருக்குப் பதினோரு மாதம் தள்ளிப்போகும்! 25/01/1947 என்றால்? 25-வது மாதம் ஏது, ஆகவே ஜனவரி 25. பழைய பதிப்புகளில் ஒரே பட்டியலுக்குள் இந்த இரண்டு நியாயமும் நடக்குமாம். 2023-ல் வந்த 2.0 முதல், முதல் தேதியின் வடிவத்தையே மற்றவற்றுக்கும் வைத்து, பொருந்தாவிட்டால் பிழை காட்டுகிறது. எல்லா நாளும் 12-க்குள் இருந்தால் அதுவும் வராது.

"'டே-ஃபர்ஸ்ட்' என்று ஒன்று இருக்கு தாத்தா" என்றான். விளக்கக் குறிப்பைப் படிக்கச் சொன்னேன். நாளை முதலில் வைத்துப் படிக்கவே விரும்புமாம், ஆனால் கண்டிப்பில்லையாம். அரசாணையில் இப்படி எழுதினால் தணிக்கைக்காரர் விடுவாரா?

(புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். ஒன்றரையை 1,5 என்றுதான் எழுதுவோம். அதையும் தனியே சொன்னால்தான் இதற்குப் புரியுமாம்.)

கடைசியில் நாள், மாதம், ஆண்டு என்று வடிவத்தைக் கட்டளையிலேயே எழுதவைத்தேன். மாதத்தை எழுத்தில் அச்சிட்டு, ஒவ்வொருவரிடமும் தொலைபேசியில் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம்.