கணக்குக் காட்டும் நாள்

ஜனவரி மாதம் பிறந்துவிட்டால் நம்முடைய வீடுகளுக்கு இரண்டு சாமான்கள் புதிதாக வந்து சேருகின்றன. ஒன்று, சுவரில் மாட்டும் காலண்டர். மற்றொன்று, இந்த வருஷம் எதையும் சாதித்துவிடலாம் என்ற உற்சாகம். காலண்டராவது டிசம்பர் வரையில் ஆணியில் தொங்குகிறது. உற்சாகமோ பொங்கல் பானையை இறக்கும்போதே கூட இறங்கிவிடுகிறது!

விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்திருப்பது, காபியில் சர்க்கரையைக் குறைப்பது, மாதம் ஆயிரம் ரூபாயாவது மிச்சம் பிடிப்பது, குழந்தைகளிடம் குரலை உயர்த்தாமல் பேசுவது - இவற்றில் தப்பான தீர்மானம் எது? ஒன்றுமில்லை. தீர்மானம் செய்கிறவர்களும் சோம்பேறிகள் அல்ல. நாள் முழுவதும் பம்பரமாகச் சுழல்கிறவர்கள்தான். அப்படியிருந்தும் ஏன் நிலைக்கவில்லை? "உன்னால் முடியும்" என்று முதுகில் தட்டிக் கொடுக்கும் புத்தகங்கள் கடைகளில் எத்தனையோ இருக்கின்றன. முடியும் என்று தெரிந்துவிட்டதாலேயே ஒரு காரியம் முடிந்துவிடுகிறதா என்ன?

இந்தக் கேள்விக்கு நான் பார்த்த மட்டில் நல்ல விடை ஒரு கற்சுவரில் இருக்கிறது. ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன் வெட்டிய எழுத்து. அதைப் போய்ப் பார்க்க நேர்ந்த கதையைச் சொல்கிறேன்.

என் அண்ணன் மகளுக்கு வயது இருபத்தாறு. அரசாங்க வேலைக்கான தேர்வை இரண்டு தடவை எழுதினாள். இரண்டு தடவையும் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. இரண்டாவது தடவை முடிவு வந்ததிலிருந்து பெண் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். புத்தகங்களை ஒரு சாக்கில் போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டாள். வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் ஆளுக்கு ஓர் ஆறுதல் சொன்னார்கள். "மனசை விட்டுடாதேம்மா", "எல்லாம் நல்லதுக்குத்தான்", "உன் வயசுக்கு இது ஒரு தோல்வியா?" - ஒவ்வொரு ஆறுதலுக்கும் அவள் இன்னும் ஒரு சுற்று இளைத்தாள். தைரியம் சொல்லச் சொல்ல ஒருவருக்குத் தைரியம் குறைவதை நான் அப்போதுதான் கண்ணால் கண்டேன்.

அந்தச் சமயத்தில் உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கிரகப்பிரவேசத்துக்கு அழைப்பு வந்தது. "துணைக்கு வாயேன்" என்று அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் சுமார் 30 கிலோமீட்டர். வழியெல்லாம் ஏரியும் வயலுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சி. விசேஷம் முடிந்து திரும்பும்போது பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. "வைகுண்டப் பெருமாள் கோயிலைப் பார்த்துவிட்டுப் போகலாமே" என்றேன்.

"அதுவா அத்தை? அது ஒரு மார்க் கேள்வி" என்றாள் அவள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. "குடவோலை முறையைப் பற்றிக் கூறும் கல்வெட்டு எது? உத்திரமேரூர். எந்த மன்னன் காலம்? முதலாம் பராந்தகன். கி.பி. 919, 921. முப்பது குடும்பு. எல்லாம் மனப்பாடம். என்ன பிரயோஜனம்?" என்று கடகடவென்று ஒப்பித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மனப்பாடம் செய்த சங்கதிக்கு எதிரிலேயே போய் நின்றோம். பிரம்மாண்டமான கோபுரம் ஒன்றும் கிடையாது. அடக்கமான கோயில். சுவர் நெடுகிலும் எறும்பு ஊர்ந்த மாதிரி வரி வரியாக எழுத்து. நம் போன்றவர்கள் தட்டுத் தடுமாறி இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் எழுத்துக் கூட்ட முடியும். வெங்கையா என்ற கல்வெட்டு அறிஞர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றைப் படித்து வெளியிட்டார். 1932-ல் வெளிவந்த நூலில் நீலகண்ட சாஸ்திரியார் விரிவாக ஆராய்ந்தார். 2020 டிசம்பரில் டில்லியில் புதிய பாராளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இந்தக் கல்லைத்தான் எடுத்துச் சொன்னார்.

அந்தச் சுவரில் என்னதான் எழுதியிருக்கிறது? ஊர்க் காரியங்களைப் பார்க்க வாரியம் என்று குழுக்கள் இருந்தன. அதற்கு ஆள் எடுக்கும் விதிகள்தான் அவை. ஊரில் முப்பது குடும்புகள். குடும்பு என்றால் இன்று நாம் வார்டு என்கிறோமே, அது போல. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். சிறியவர், பெரியவர் என்று சபை முழுவதும் கூடியிருக்கும். கோயில் நம்பிமார்களில் வயதில் மூத்தவர் எல்லோரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிக் காட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறு பையன் ஓலையை எடுப்பான். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்த உள்ளங்கையில்தான் வாங்கவேண்டும். கைக்குள் வேறு ஓலை ஒளிந்திருக்கக்கூடாது பாருங்கள்! வாங்கியவர் உரக்கப் படிப்பார். பிறகு நம்பிமார்கள் எல்லோரும் படிப்பார்கள். இப்படிக் குடும்புக்கு ஒருவராக முப்பது பேர். அவர்களில் பன்னிரண்டு பேர் சம்வத்ஸர வாரியம், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். முந்நூற்று அறுபது நாள் பதவி. அதற்குப் பிறகு இறங்கிவிட வேண்டியதுதான்.

யாரெல்லாம் குடத்தில் பெயர் இடக்கூடாது என்பதற்கும் ஒரு நீண்ட ஜாபிதா உண்டு. அதில் என்னைப் பிடித்து நிறுத்தியது இதுதான்: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி வரக்கூடாது. அவன் மட்டுமா? அவனுடைய தகப்பன், பிள்ளை, மாமனார், மாப்பிள்ளை, மைத்துனன், மாமன், அத்தை மகன், சித்தி பெரியம்மா பிள்ளைகள் யாருமே வரக்கூடாது! மாமனார் கணக்குக் காட்டவில்லை என்றால் மாப்பிள்ளைக்குப் பதவி இல்லை. அந்த நாளில் பெண் கொடுப்பதற்கு முன் ஜாதகத்தோடு கணக்கையும் சேர்த்துப் பார்த்திருப்பார்களோ என்னவோ!

கணக்கு எழுதுகிறவருக்கும் ஒரு விதி. எழுதிய கணக்கை எழுதியவரே கொண்டுவந்து காட்டவேண்டும். அதை முடித்துக் கொடுக்க வேறு ஆளை அனுப்பக்கூடாது. கணக்குச் சுத்தம் என்று பெரியவர்கள் சொன்ன பிறகுதான் மறுபடி கணக்கில் கை வைக்கலாம்.

இவ்வளவையும் நான் சொல்லிக்கொண்டே வர, பெண் திடீரென்று, "அத்தை, ஏன் இரண்டு கல்வெட்டு?" என்று கேட்டாள்.

"என்னது?"

"919-ல் ஒன்று, 921-ல் ஒன்று என்று படித்தேன். ஏன் இரண்டு என்று நான் யோசித்ததே இல்லை. முதல் கல்வெட்டில் முப்பது வயதுக்கு மேல் அறுபதுக்குள் என்று இருக்கிறது. இரண்டாவதில் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள். இரண்டே வருஷத்தில் மாற்றிவிட்டார்களே!"

ஆமாம், மாற்றிவிட்டார்கள். முதல் ஏற்பாடு போதவில்லை. அதற்காக யாரும் குடத்தை உடைத்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. மறுபடி சபை கூடியது. வயதை மாற்றினார்கள். தகுதிகளையும் தடைகளையும் ஓலை எடுக்கும் முறையையும் இன்னும் விவரமாக வகுத்தார்கள். அதையும் கல்லில் வெட்டினார்கள். பழைய கல்வெட்டைச் செதுக்கி எறிந்தார்களா என்றால் அதுவும் இல்லை. போதாமல் போன விதியும் திருத்திய விதியும் ஒரே கோயில் சுவரில் இன்றும் இருக்கின்றன. தங்கள் ஏற்பாட்டில் குறை இருந்தது என்று பேரனும் கொள்ளுப்பேரனும் பார்ப்பார்களே என்று அந்தப் பெரியவர்கள் கூச்சப்படவில்லை.

பெண் அந்தச் சுவரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாம்மா, அம்மாந் தூரத்திலேருந்து வந்து கல்லையே பார்த்துக்கினு நிக்கிறீங்களே, பூ வாங்கலியா?" என்று வெளியில் ஒரு குரல். பூக்காரப் பாட்டி. இரண்டு முழம் வாங்கிக்கொண்டு, "இந்தச் சுவரிலே கணக்குக் காட்டாதவனுக்குப் பதவி கிடையாதுன்னு எழுதியிருக்கு பாட்டி" என்றேன்.

"அதான் எங்க மகளிர் குழுவிலேயும்! மாசா மாசம் நோட்டை எடுத்து எல்லார் எதிரிலேயும் படிக்கணும். யாரு கட்டலைன்னாலும் பேரு வந்துடும். வெக்கமாத்தான் இருக்கும். அடுத்த மாசம் எப்பிடியாவது கட்டிடுவோம்ல!"

"உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

"படிக்கத் தெரியாது. என் பேரு எந்தப் பக்கத்திலே வருதுன்னு தெரியும்" என்றாள் பாட்டி.

1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய சுய உதவிக் குழுக்கள் இன்று தமிழ்நாடு முழுவதும் கிளைத்திருக்கின்றன. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் ஒரு குழு. சிறு சேமிப்பு, கடன், கூட்டக் குறிப்பேடு. இந்தப் பெண்கள் ஏதோ உற்சாகப் பிரசங்கம் கேட்டுவிட்டுச் சேமிக்கவில்லை. குறித்த நாளில் கூட்டம் உண்டு, நோட்டு உண்டு, நாலு பேர் கேட்கப் படிப்பது உண்டு. அதனால் சேமிக்கிறார்கள்.

உத்திரமேரூர்ச் சபையை அப்படியே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர் அது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் இருந்தால்தான் குடத்தில் பெயர். நிலமற்றவனுக்கு இடமில்லை. நம்மைப் போன்ற பெண்களைப் பற்றி அந்த விதிகளில் பேச்சே இல்லை. அந்தக் குறையைத் திருத்துவதற்கு இரண்டு வருஷம் அல்ல, ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1992-ல் அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் பஞ்சாயத்துகளில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. தமிழ்நாட்டில் 2016-ல் அது பாதியாக உயர்ந்தது. திருத்தி எழுதும் வேலை எந்தக் காலத்திலும் தீராது போலிருக்கிறது.

ஊருக்குத் திரும்பிய இரண்டாம் நாள், பரணில் இருந்த சாக்கு கீழே இறங்கியது. பெண் முதலில் புத்தகத்தைத் தொடவில்லை. ஒரு நோட்டில் கோடு போட்டு, போன வருஷம் எந்தப் பாடத்துக்கு எத்தனை நாள் செலவழித்தாள் என்று நினைவிலிருந்து எழுதினாள். எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினாள். "பார்த்தாயா அத்தை? சரித்திரம் எனக்குப் பிடிக்கும். அதையே திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். கணக்குப் பகுதி கசக்கும். வாரத்துக்கு ஒரு நாள்கூட அதன் பக்கம் போகவில்லை. மார்க் போனது முழுக்க அங்கேதான்."

இதை வேறு யாராவது அவளுக்குச் சொல்லியிருந்தால் குற்றச்சாட்டாகப் போயிருக்கும். தானே எழுதித் தானே காட்டியதால் அது வெறும் கணக்காக இருந்தது. கணக்கைக் கண்டு யாரும் அழுவதில்லை. எங்கே துண்டு விழுகிறது என்றுதான் பார்ப்போம். இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த நோட்டு என் எதிரில் வருகிறது. அடுத்த தேர்வை எழுதியிருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் வீட்டில் பேச்சுக் குரல் திரும்பி வந்துவிட்டது.

சகோதரிகளே, நம் வீட்டுத் தீர்மானங்களுக்கும் இதுவே வழி என்று எனக்குத் தோன்றுகிறது. தீர்மானத்தை எழுதும்போதே கணக்குக் காட்டும் நாளையும் எழுதி வைத்துவிடுங்கள். மாதக் கடைசி ஞாயிறு என்று இருக்கட்டும். காட்டுவதற்கு ஒரு மனுஷரும் வேண்டும். கணவரோ, மகளோ, பக்கத்து வீட்டு மாமியோ, நம்மைக் கேலி செய்யாதவராக இருந்தால் போதும். கையை விரித்துக் காட்டுங்கள். விரலிடுக்கில் ஒன்றையும் ஒளிக்க வேண்டாம். ஐந்து மணிக்கு எழ முடியவில்லையா? ஐந்தே முக்கால் என்று திருத்தி எழுதுங்கள். பழைய வரியை மட்டும் அடித்து அழிக்காதீர்கள். எங்கிருந்து எங்கே வந்தோம் என்பது தெரியவேண்டும் அல்லவா?

கடைசியாக ஒரு விதி பாக்கி. ஒரு தரம் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர மூன்று வருஷம் இடைவெளி வேண்டும் என்றும் அந்தக் கல் சொல்கிறது. முந்நூற்று அறுபது நாள் உழைத்தவருக்கு மூன்று வருஷ ஓய்வு! நம் வீட்டு அடுப்பங்கரை வாரியத்தில் மட்டும் ஆயுள் முழுவதும் ஒரே ஆளின் ஓலைதான் வருகிறது. மூன்று வருஷம் கேட்க வேண்டாம். மாதத்தில் மூன்று நாளாவது குடத்தைக் குலுக்கி மற்றவர்கள் பெயரையும் எடுத்துப் பாருங்கள். சாம்பாரில் உப்பு ஒரு கல் கூடினால் கூடட்டும், அடுத்த தடவை திருத்திக்கொள்வார்கள்.