கட்டை ஒலி

வலைக் கடனுக்காக வங்கிக்கு வந்து நண்பரானவர், காட்டுப்பள்ளிக்காரர். அவருடைய பேஞ்சோவுக்கு (1912இல் ஜப்பானில் பிறந்த தாய்ஷோகோட்டோவின் வாரிசான புல்புல்தாராதான்) பிக்கப் பொருத்தினோம்.

முதலில் பலகையில் ஒட்டும் ரகம். திருவிழா ஒலிபெருக்கியில் தந்தியைவிடக் கட்டைகள் தட்டும் சத்தமே பெரிதாக வந்தது. பிறகு தந்திகளுக்கடியில் காந்தச் சுருள். அது எஃகுத் தந்தியின் அசைவைத்தான் அறியும். மரத்தை அநேகமாக அறியாது. சுத்தமான ஸ்வரம். எல்லோருக்கும் திருப்தி. அவர் மட்டும், “சார், இது நான் வாசிச்ச மாதிரி இல்லியே” என்றார்.

விமர்சனத்தில் நானும் காந்தச் சுருளாகவே இருந்திருக்கிறேன். சொல்லை எடுத்துக்கொண்டு, விரலை இரைச்சலென்று ஒதுக்கியிருக்கிறேன்.

அவர் இப்போது இரண்டையும் இணைத்திருக்கிறார், கட்டை ஒலியைக் கொஞ்சமாக வைத்து. எவ்வளவு கொஞ்சம் என்பது அவர் காதுக்குத் தெரிகிறது. எனக்கு இன்னும் தெரியவில்லை.