சாட்சியற்ற நோவு

தூத்துக்குடியில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் வைத்தியனுக்கு, வாலிபன் ஒருவன் மூட்டு நோவால் துடித்துக்கொண்டு வந்தால், முதலில் கடல்தான் நினைவுக்கு வரும். முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோனாலும் சங்கு குளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கம்ப்ரஸர் குழாயைக் கடித்தபடி ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டுச் சட்டென மேலே வருகிறவர்களின் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகள் உண்டாகி மூட்டுக்களை முடக்கிவிடும். ஆகவே "கடலுக்குப் போனியா, தம்பி?" என்ற கேள்வி எங்கள் நாவில் தயாராக இருக்கும்.

துறைமுக வேலைக்கும் கட்டட வேலைக்கும் ஒடிசாவிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் வரும் பிள்ளைகளிடம் அந்தக் கேள்வி பயன்படாது. அவர்களில் சிலருக்கு இருப்பது சிக்கிள் செல் வியாதி. இது ஏதோ வடதேசத்து விஷயம் என்று நம்மவர் எண்ண வேண்டாம். லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தில் இதன் கூறு இருப்பதை 1952-லேயே எழுதிவிட்டார்கள். ஹீமோகுளோபினில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிவிடுவதால், பிராணவாயு குறையும்போது சிவப்பணுக்கள் அரிவாளாய் வளைந்து நுண்ணிய நாளங்களை அடைத்துக்கொள்கின்றன. வெயிலில் உடம்பின் நீர் வற்றுவதும், காய்ச்சலும், குளிரும் இதைத் தூண்டும். நாளடைவில் தொடையெலும்பின் தலை செத்துப்போவதில் சங்கு குளிப்பவனுக்கும் இவனுக்கும் பேதமில்லை.

பேதம் வேறிடத்தில் இருக்கிறது. சங்கு குளிப்பவன் கடலிலிருந்து வந்தவன் என்பதால் அவன் வேதனையை எவரும் சந்தேகிப்பதில்லை. இவனுக்கோ வீக்கமில்லை, காயமில்லை, எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை, பாஷையும் புரிவதில்லை. ஆகையால் ஊசிக்காக நடிக்கிறான் என்ற முணுமுணுப்பு வெகு சீக்கிரம் எழுந்துவிடுகிறது. மார்ஃபினைப் பற்றி 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் விதைத்த அச்சம், 2014-இல் திருத்தம் வந்தபின்னும் எங்கள் வட்டாரத்தில் முற்றிலும் தணியவில்லை. நோவு எவ்வளவு என்பதை அளக்க எங்களிடம் கருவி ஏதும் கிடையாது. நோயாளியின் சொல்லே பிரமாணம். வந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் மருந்து ஏறியிருக்க வேண்டும். அதன்பின் அரைமணிக்கொருமுறையேனும் அருகில் போய்க் கேட்டு, போதாவிட்டால் மீண்டும் கொடுக்க வேண்டும்.

மற்றவற்றில் நிதானம் தேவை. குளுக்கோஸ் பாட்டில்களை வரிசையாக ஏற்றுவது நுரையீரலைக் கெடுக்கும். பிராணவாயு, அளவு குறைந்திருந்தால் மட்டுமே. ஆனால் காய்ச்சலோடு வருகிறவனை ஒருபோதும் சாதாரணமாக நினைக்கலாகாது. அவனுடைய மண்ணீரல் பெரும்பாலும் செயலிழந்திருப்பதால் கிருமிகளுக்குத் தடையில்லை. மார்புவலியும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால் இரத்தம் ஏற்றுவதற்கும் ஆயத்தமாக வேண்டும். அந்த நிலையில் உயிர்போவதுண்டு.

2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கத்தில், பரிசோதனை செய்துகொண்டவர்களுக்கு ஓர் அட்டை தருகிறார்கள். ஊரைவிட்டுப் பிழைக்க வரும் தம்பிமார் அதைப் பெட்டியடியில் போட்டுவிட்டு வராமல் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். மேஸ்திரியிடம் காட்ட வேண்டியதில்லை. எங்களிடம் காட்டினால் போதும்.