இரண்டு பேருந்துகளுக்கு இடையே

சேலத்தில் விதை நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறவன் நான். இரண்டு திங்களுக்கு ஒருமுறை தருமபுரி மாவட்டத்துக் கடைகளின் இருப்பைச் சரிபார்த்து, நிலுவையைக் குறித்து வருவதற்காக நான்கு நாள் பயணம் செல்ல வேண்டும். தருமபுரி, பாப்பாரப்பட்டி, பென்னாகரம், பாலக்கோடு, அரூர், மொரப்பூர் என ஊர்களின் வரிசைகூட மாறுவதில்லை. ஓர் ஊரில் வேலை ஒரு மணி நேரம் என்றால், அடுத்த பேருந்துக்குக் காத்திருப்பது இரண்டு மணி நேரம். இந்தக் காத்திருப்பை எட்டு ஆண்டுகளாகப் பேருந்து நிலையத்துச் சிமெண்டுப் பலகையிலேயே கழித்து வந்தேன். ஒரு செய்தித்தாள், இரண்டு தேநீர், சற்றே தூக்கம், அவ்வளவே.

ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகள் ஒருநாள் அண்டை மாவட்டத்தைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டுமென்று என்னிடம் வந்தாள். "நீங்கள்தாம் அடிக்கடி போகிறீர்களே அப்பா, தருமபுரியில் என்ன இருக்கிறது?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். எந்தப் பேருந்து எத்தனை மணிக்குப் புறப்படும் என்பதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. "ஒகேனக்கல் அருவி இருக்கிறது" என்றேன். "அது எல்லாருக்கும் தெரியுமே" என்று கூறிவிட்டு அவள் தன் தாயிடம் போய்விட்டாள். அன்று எனக்கு உண்டான வெட்கத்தை என்னென்பது! எட்டு ஆண்டுகள் ஒரு நிலத்தின் வழியே போய்வந்தும், அதைப் பற்றி ஒரு குழந்தைக்குச் சொல்ல நான்கு வரி இல்லை. அடுத்த பயணம் முதல் பலகையைவிட்டு எழுந்தேன். அதன் பயனாகக் கண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

இந்த நிலம் நம் வாசகர்களுள் மூத்தோருக்குப் புதியதன்று. 1965 அக்டோபர் 2 ஆம் நாள் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்தது தருமபுரி மாவட்டம். மறைமாவட்டமோ அதன்பின் பல்லாண்டுகள் ஒன்றாகவே இருந்து, 1997 இல்தான் பிரிந்தது. 2004 இல் கிருஷ்ணகிரியும் தனி மாவட்டமாகிவிட, இன்று எஞ்சியிருப்பது வடமேற்கில் காவிரியும் கிழக்கில் சித்தேரி மலையும் எல்லை காட்டும் சிறிய மாவட்டமே.

சேலத்திலிருந்து புறப்படும் பேருந்து தொப்பூர்க் கணவாயில் மூச்சுவாங்கி ஏறும். எதிர்ப்புறத்துச் சரிவில் சுமை லாரிகள் தடுமாறி இறங்குவதைக் காணும்போது எவருக்கும் நெஞ்சு படபடக்கும். எத்தனையோ விபத்துகளைக் கண்ட சாலை அது. கணவாயைக் கடந்து சிறிது தொலைவு சென்றதும் அதியமான்கோட்டை. அவ்வைக்கு நெல்லிக்கனி ஈந்த நெடுமான் அஞ்சியின் பெயரை நாம் பள்ளியில் படித்ததோடு சரி. அவனது தலைநகராகிய தகடூர்தான் இன்றைய தருமபுரி. இங்கே அதியமான் கோட்டம் என்ற நினைவிடம் உண்டு. அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

எனக்கு வியப்பளித்த செய்தி வேறு. அசோகச் சக்கரவர்த்தியின் பாறைச் சாசனத்தில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சத்தியபுத்திரர் என்றொரு மரபினரும் குறிக்கப்படுகின்றனர். அவர் யாவர் என்பது நெடுங்காலம் அறிஞரிடையே வழக்காகவே இருந்தது. 1981 இல் திருக்கோவலூருக்கு அண்மையிலுள்ள சம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு அந்த வழக்கைத் தீர்த்தது. அதியமான் அஞ்சியின் பெயரோடு அந்த மரபுப் பெயரும் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. மௌரியப் பேரரசன் அறிந்து எழுதிய குடியின் ஊரில் நான் எட்டு ஆண்டுகள் தூங்கியிருக்கிறேன்! தகடூரைச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வென்ற வரலாற்றைப் பாடிய 'தகடூர் யாத்திரை' என்னும் நூலோ முழுமையாகக் கிடைக்கவில்லை. பிறர் எடுத்துத் தொகுத்த சில பாடல்களே எஞ்சின. யாத்திரை என்று பெயர் பெற்ற நூல் பாதி வழியில் தொலைந்துபோயிற்று.

தருமபுரியில் அருங்காட்சியகத்தினுள் நான் முதன்முதல் நுழைந்தது கலையார்வத்தால் அன்று, மழைக்கு ஒதுங்கவே. அங்கே வரிசையாக நிற்கின்றன நடுகற்கள். இந்த மாவட்டமும் செங்கம் வட்டாரமும் நடுகற்களின் களஞ்சியம் என்றே சொல்லலாம். பகைவர் கவர்ந்துசென்ற ஆநிரையை மீட்கச் சென்று மாண்டவர்களுக்கு ஊரார் எடுத்த கற்கள் இவை. கையில் வில்லோ வாளோ ஏந்திய வீரன். உடலில் தைத்த அம்புகள். சில கற்களில் காலடியில் சிறியனவாய்ச் செதுக்கிய மாடுகள். மேலே வட்டெழுத்தில் அரசன் பெயர், ஆட்சியாண்டு, பின்பு இறந்தவன் பெயர். ஆநிரைக்குத் 'தொறு' என்றும், மாண்டதற்குப் 'பட்டான்' என்றும் எழுதியிருக்கின்றனர். கோயிற் கல்வெட்டுகள் அரசர் கொடுத்த நிலத்தையும் பொன்னையும் பேசும். இவை பேசுவதோ ஊர் மாட்டுக்காக உயிர்விட்ட ஒரு சாமானியனைப் பற்றி. ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவன் பெயரை நாம் அறிகிறோம் என்றால் அது சிறிய செய்தியா?

ஊர்ப்புறங்களில் இத்தகைய கற்களை வேடியப்பன் என்று இன்றும் வழிபடுகின்றனர். எங்கள் விதையை வாங்கும் கடைக்காரர்களில் இருவருக்கு அந்தப் பெயர் உண்டு. இறைவன் பெயர்களில் ஒன்று என்றே நான் எண்ணியிருந்தேன்.

கோட்டைக் கோயிலையும் பார்த்தேன். நுளம்பர் காலத்துத் தூண்களும், அடி தரையைத் தொடாமல் தொங்குவதாகக் காட்டப்படும் தூணும் அங்கே உண்டு. தூணைப் பார்க்க வருவோர் மற்றச் சிற்பங்களைப் பாராமலே திரும்பிவிடுகின்றனர் என்பது என் குறை.

அதிகாலையில் பட்டுக்கூடு அங்காடிக்குச் செல்வது நல்லது. வெண்மையும் மஞ்சளுமாய்க் குவிந்திருக்கும் கூடுகளைச் சுற்றி, இரவெல்லாம் பயணம் செய்து வந்த உழவர்கள் கண் சிவந்து நிற்பார்கள். காய்கறியாவது ஒருநாள் பொறுக்கும், கூடு பொறுக்காது. உள்ளிருக்கும் புழு அந்துப்பூச்சியாகி வெளிவந்தால் நூல் அறுந்து, கூடு வீணாகிவிடும். ஆதலால் விலை குறைந்தாலும் விற்றே தீர வேண்டும். காத்திருக்க இயலாதவனிடம் வணிகன் எப்படிப் பேசுவான் என்பதை அங்கு நின்று கேட்டால் அறியலாம். என் தொழிலும் விலை பேசும் தொழிலே. அதனாலோ என்னவோ, அங்கு நெடுநேரம் நிற்க மனம் வரவில்லை.

இனிப் பாப்பாரப்பட்டி. தருமபுரியிலிருந்து வந்து இங்கு இறங்கிப் பென்னாகரத்துக்கு வேறு பேருந்து பிடிப்பது என் வழக்கம். தியாகி சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இவ்வூரில்தான் இருக்கிறது. வத்தலக்குண்டில் 1884 இல் பிறந்த அவர், 1908 இல் வ.உ.சிதம்பரனாரோடு சிறை புகுந்தார். சிறையிலேயே தொழுநோய் அவரைப் பற்றிக்கொண்டது. விடுதலையான பின்னும் ஊர் ஊராகச் சென்று பேசினார். தொழுநோயாளி ரயிலில் ஏறக்கூடாது என்று தடை வந்தது. அவரோ பயணத்தை நிறுத்தவில்லை. கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் சென்றார். புண்பட்ட காலோடு! பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்ப வேண்டுமென்பது அவர் கனவு. 1923 இல் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு இங்கே அடிக்கல் நாட்டினார். ஆலயம் எழவில்லை. 1925 ஜூலை 23 ஆம் நாள் இவ்வூரிலேயே அவர் உயிர் நீத்தார். வயது நாற்பதே. பாரத மாதா நினைவாலயத்தை அண்மை ஆண்டுகளில் தமிழக அரசு எழுப்பியிருக்கிறது.

அந்த வளாகத்தில் ஒரு மர நிழலில் அமர்ந்திருந்தபோது, என் பேருந்து இருபது நிமிடம் தாமதமானதற்காகச் சற்றுமுன் நான் முணுமுணுத்தது நினைவுக்கு வந்தது. இன்று தொழுநோய் கூட்டு மருந்துகளால் முற்றும் குணமாகக்கூடியது. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடும். ஆனால் எங்கள் தெருவிலேயே, குணமான ஒருவரின் பக்கத்தில் அமரப் பேருந்தில் இன்னும் தயங்குகிறார்கள். நானும் ஒருமுறை தயங்கியிருக்கிறேன். அதை மறைப்பதற்கில்லை.

பென்னாகரத்தில் இறங்கினால் ஒகேனக்கல் பக்கந்தான். ஆயினும் இரண்டு மணி நேரத்தில் அதைப் பார்த்துவிட எண்ணுவோர் பாராமலே இருக்கலாம் என்பேன். நான் அப்படி ஒருமுறை ஓடினேன். அன்று கர்நாடகத்து அணைகளிலிருந்து நீர் மிகுதியாக வந்து, பிலிகுண்டுலுவில் அளவு ஏறிவிட்டதால் பரிசல் ஓட்டத் தடை. மூங்கில் பரிசல்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. பரிசல்காரர்கள் அவற்றின் நிழலில் படுத்திருந்தனர். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. புகையும் கல் என்பதே ஊர்ப்பெயரின் பொருள். அன்று கல் தெரியவில்லை, புகை மட்டுமே தெரிந்தது.

ஆனால் அந்தக் காவிரி செய்த வேறொரு காரியத்தைப் பென்னாகரத்துத் தேநீர்க் கடையொன்றில் கண்டேன். அறுபது வயதிருக்கும் அம்மையார் ஒருவர் கடை நடத்துகிறார். சிரிக்கும்போதெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். நாணம் என்றே நினைத்தேன். பின்பு பார்த்தேன், பற்கள் பழுப்பேறிக் குழி விழுந்திருந்தன. இம்மாவட்டத்துப் பாறை நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரைப் பல் முளைத்து வரும் பருவத்தில் தொடர்ந்து குடித்த பிள்ளைகளுக்குப் பற்களில் கறை படிந்துவிடும். மிகுதியாகப் பல்லாண்டு குடித்தோருக்கு எலும்பும் மூட்டும் இறுகி, குனிய முடியாமற் போகும். கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. நீர் வற்றுவதால் இன்னும் செறிவாகும். இதற்குப் பரிகாரமாகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானிய நிதியுதவியுடன் 2008 இல் அடிக்கல் நாட்டப்பெற்று 2013 இல் தொடங்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களுக்கும் அது ஆற்று நீரைக் கொண்டு செல்கிறது.

"எங்க காலத்துத் தண்ணி அப்படிங்க சார். கல்யாணத்துப் போட்டோவுலகூட நான் வாயத் தொறக்கல. இதுங்க ஆத்துத் தண்ணி குடிக்குதுங்க" என்று அவர் பேத்தியைக் காட்டினார். எட்டு வயதுச் சிறுமி, கல்லாப்பெட்டியின் மேல் அமர்ந்து எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சிறுமியின் பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலை செய்கின்றனர். இந்த மாவட்டத்தில் பல வீடுகளின் நிலை இதுவே. ஞாயிறு இரவு தருமபுரிப் பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள்; பெங்களூர் வண்டிகளைச் சுற்றி, அரிசிப் பையும் கொத்துக் கரண்டியுமாய் இளந்தம்பதியர் முண்டியடிப்பர். வழியனுப்ப வந்த பாட்டியின் இடுப்பில் ஒரு குழந்தை. என்னுடைய நான்கு நாள் பிரிவை ஒரு பிரிவென்று சொல்ல அங்கே நாக்கு எழாது.

கடைசி நாள் அரூர் வேலையை முடித்துக்கொண்டு மொரப்பூருக்கு வருவேன். சென்னைத் தடத்து ரயிலில் சேலம் திரும்ப அதுவே வசதி. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906 இல் ஒரு குறும்பாதை ரயில் ஓடத் தொடங்கி, பின்னர் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப்போரின் நடுவே, 1941 இல் அது நிறுத்தப்பட்டது, தண்டவாளமும் பெயர்த்தெடுக்கப்பட்டது. அந்தப் பாதையை மீண்டும் கேட்டுக் கேட்டு மக்கள் அலுத்தபின், 2019 இல் மொரப்பூர் - தருமபுரி அகலப்பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

சென்ற முறை ரயில் வர முக்கால் மணி நேரம் இருந்தது. பழைய பாதை எந்தப் பக்கமாகப் பிரிந்தது என்று நடைமேடையில் சுண்டல் விற்ற பெரியவரைக் கேட்டேன். "எங்க அப்பா அதுல போயிருக்காரு" என்று அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கையை நீட்டி மேற்கே காட்டினார். கருவேல முட்களைத் தவிர அங்கே எனக்கு ஒன்றும் தென்படவில்லை. அருகே சென்று பார்க்கலாமென்று நான் நடக்கத் தொடங்கியபோது, ரயில் வருவதாக அறிவித்துவிட்டார்கள்.

என் மகள் இப்போது பத்தாம் வகுப்பு. வரும் விடுமுறையில் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அந்த மேட்டை அவளோடு போய்த் தேட வேண்டும்.